ஆவணிக்குள் வந்துவிடு

லண்டன்
மார்ச் 9

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதத்தை ஒரு முறை படித்தேன். அதோடு நீ வைத்திருந்த பட்டியலை நாலு முறை படித்தேன். போர்ச்சுகல், அல்கார்வ் கடற்கரை, ஆகஸ்ட் மாதம், பத்து நாள், குகைக்குள் நீச்சல்! முப்பத்தைந்து வருஷம் துறைமுகத்தில் கப்பல் பார்த்தவனுக்கு ஓய்வு பெற்றதும் கடல் ஆசை வருவது உலகத்தில் உனக்கு மட்டும்தான். நாங்கள் இரண்டு பேரும் வந்து சேர்ந்துகொள்கிறோம். ஆனால் அந்தப் பட்டியலை முதலில் கிழித்துப் போடு.

நானும் அப்படி ஒரு ஆகஸ்டில்தான் போனேன், அல்கார்வில் லாகோஸ் என்ற ஊர்ப் பக்கம். படத்தில் தெரிகிற மஞ்சள் பாறையும் பச்சைத் தண்ணீரும் பொய்யில்லை. ஆனால் காமிலோ கடற்கரைக்கு இறங்க ஏறக்குறைய 200 படி. இறங்கிவிடுவாய், ஏறும்போது உன் முட்டி என் பரம்பரையையே திட்டும். கீழே துண்டு விரிக்க இடமில்லை. பாறையடியில் நிழல் காலியாக இருக்கிறதே என்று போனால், உட்காராதே என்று பலகை வைத்திருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. அந்தப் பாறை உதிரக்கூடியது. 2009இல் மரியா லூயிசா கடற்கரையில் சரிந்து விழுந்து ஐந்து பேர் இறந்துபோனார்கள். அப்புறம், நீ ஆசைப்படும் பெனகில் குகைக்குள் நீந்திப் போகவும், உள்ளே இருக்கும் மணலில் இறங்கவும் 2024இலேயே தடை போட்டுவிட்டார்கள். படகில் உட்கார்ந்தபடி எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர்க் கடல் மாதிரி நினைத்துக் குதித்துவிடாதே, அது அட்லாண்டிக். கோடையில் வடக்கேயிருந்து அடிக்கிற காற்று மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்விட, ஆழத்துக் குளிர்தண்ணீர் மேலே வருகிறது. மேற்குக் கோடியில் இருக்கும் சாக்ரெஸில் கால் வைத்தவுடன் எனக்குப் பல் கிட்டிவிட்டது. கிழக்கே ஸ்பெயின் எல்லையை நோக்கிப் போகப் போக இந்தக் குளிர் குறைகிறது. அதனால் நான் சொல்வது கிழக்கே இருக்கும் தவீரா என்ற ஊர்.

தவீராவில் பாறையும் இல்லை, படியும் இல்லை. ஊருக்கும் கடலுக்கும் நடுவே காயல், காயலுக்கு அப்பால் நீளநீளமான மணல் தீவுகள். ரியா ஃபொர்மோசா என்று அந்தக் காயல் முழுவதையும் இயற்கைப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். படகேறி ஐந்து பத்து நிமிஷத்தில் தீவில் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான். படகுத்துறைக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் என்ன தெரியுமா? உப்பளம்! அதில் பூநாரைகள் வேறு நின்றுகொண்டிருக்கும். பத்து நாள் செலவழித்து உப்பளம் பார்க்கவா வந்தோம் என்று தங்கச்சி உன்னைக் கேட்கப்போகிறது.

பக்கத்திலேயே பாரில் என்று ஒரு கடற்கரை. மிதவைப் பாலத்தைக் கடந்ததும் பொம்மை மாதிரி ஒரு குட்டி ரயில், சதுப்பு நிலத்தின் ஊடே மணல் வரைக்கும் கொண்டுபோய் விடும். ஒரு காலத்தில் சூரை மீன் பிடிக்கிறவர்களுக்குச் சாமான் ஏற்றிப்போன ரயில் அது. 1960களில் மீன் வரத்து நின்று தொழிலும் முடிந்தது. வலையைப் பிடித்து நிறுத்தும் நங்கூரங்களை மட்டும் மணலில் வரிசை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள், துருப்பிடித்து, நூற்றுக்கணக்கில். மற்றவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உனக்கு அங்கே கொஞ்ச நேரம் பேச்சு வராது என்று நினைக்கிறேன்.

காயலோரத்தில் சாந்தா லூசியா என்று மீனவ ஊர். பேய்க்கணவாய்க்கு, அதுதான் ஆக்டோபஸுக்கு, பேர்போனது. மண்குடத்தைக் கயிற்றில் கட்டிக் கடலடியில் இறக்கிவிடுவார்கள். இரை எதுவும் வேண்டாம். நல்ல பொந்து கிடைத்தது என்று அதுவே உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். காலையில் குடத்தோடு தூக்கிவிடுவார்கள். இப்போது பிளாஸ்டிக் குடமும் வந்துவிட்டது. வாடகை வீடு தேடி அலைந்த நம் இருவருக்கும் அந்தப் பிராணி மேல் ஓர் இரக்கம் வரத்தான் செய்யும், ஆனால் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்டுச் சுட்டுக் கொடுத்தால் இரக்கம் நிற்காது.

சாப்பிட உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் கொண்டுவந்து வைப்பார்கள். இலவசம் என்று கை வைக்காதே. தொட்டால் காசு, வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் முதல் நாள் இரண்டு கூடையைக் காலி பண்ணிவிட்டுப் பில்லைப் பார்த்து விழித்தேன்.

மொழிக்குப் பயப்படாதே. ஜன்னல் அங்கே ஜனெலா, மேசை அங்கே மெசா. சாவி, அலமாரி எல்லாம் அவர்கள் நம்மிடம் விட்டுவிட்டுப் போன சொற்கள்தானே.

இப்போது தேதி. ஆகஸ்ட் வேண்டாம், வாடகையும் கூட்டமும் இரண்டு மடங்கு. செப்டம்பரில் வெயில் இதமாக இருக்கும், கோடை முழுக்கச் சூடேறிய கடலும் இன்னும் ஆறியிருக்காது. ஆனால் 17ஆம் தேதி வாக்கில் புரட்டாசி பிறந்துவிடும். தங்கச்சி புரட்டாசியில் மீன் தொடாது, உன்னையும் தொட விடாது. அதனால் செப்டம்பர் 2 முதல் 12 வரை என்று வைத்துக்கொள்வோம், ஆவணிக்குள் முடிந்துவிடும். போர்ச்சுகலுக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாசம் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம், ஆளுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். லிஸ்பனில் இறங்கி, அல்கார்வில் இருக்கும் ஃபாரோ வரை ரயிலில் வந்துவிடுங்கள். நாங்கள் இங்கிருந்து நேராக ஃபாரோவில் இறங்கிக் காத்திருப்போம்.

வரும்போது நம்ம ஊர் முந்திரி மக்ரூன் இரண்டு பெட்டி, பழைய கடையிலிருந்து. அல்கார்வில் பாதாமை அரைத்துக் குட்டிக் குட்டிப் பழம் மாதிரி மிட்டாய் செய்கிறார்கள். நாம் தங்கப்போகும் வீட்டுக்காரம்மாவிடம் ஒரு பெட்டியைக் கொடுத்து, போர்ச்சுகல்காரர்கள் நீங்கள் கொண்டுவந்து நட்ட முந்திரியில் நாங்கள் என்ன செய்திருக்கிறோம் பாருங்கள் என்று காட்ட வேண்டும். இன்னொரு பெட்டி எனக்கு.

விசாவுக்குத் தேதி கிடைத்ததும் எழுது.

உன்,
மாப்ளே