சனிக்கிழமை வகுப்புக்கு முன்னால்

அன்புள்ள கண்ணம்மா,

பேத்தியைக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான வார இறுதிச் சிறப்பு வகுப்புக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று நீ சொன்னதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் "சேர்க்கலாமாம்மா?" என்று கேட்டாயே, அதற்கு ஃபோனில் பதில் சொல்ல வரவில்லை. ஒன்பது வயதில் உன்னை இப்படி ஒரு வகுப்பில் கொண்டுபோய் விட்டவள் நான். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில், சேர்த்துவிடு. பள்ளியில் கொடுத்த கணக்கைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் மற்றவர்களின் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாய் நீ. அந்த வருடம் நீ புதிதாக ஒன்றும் படிக்கவில்லை. காத்திருக்கத்தான் பழகினாய். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற பேராசிரியர் கவனித்ததும் இதைத்தான். வகுப்புத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கும் குழந்தைக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்பதை அந்த நூறு காட்டாது. அதனால் 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வையே வைத்துப் பார்த்தார். அப்போதுதான் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்தது.

உன் முதல் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? அழுதுகொண்டே வெளியே வந்தாய். கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை கடந்து எல்லாவற்றையும் சுற்றிவர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். உன் வாழ்க்கையில் வராத முதல் கணக்கு அது. வகுப்பு சரியில்லையோ என்றுகூட நினைத்தேன். இரவு நான் தூங்கப் போகும்போது பென்சிலோடு வந்து நின்றாய். "அம்மா, முடியாது. ஏன் முடியாதுன்னு சொல்லட்டுமா?" ஒரு நிலத்துக்குள் ஒரு பாலம் வழியாக நுழைந்தால் இன்னொன்று வழியாக வெளியேற வேண்டும், அதனால் பாலங்கள் ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும். கிளம்பும் இடமும் போய்ச் சேரும் இடமும் மட்டும்தான் அதற்கு விலக்கு. இங்கே நான்கு நிலங்கள்: ஒன்றுக்கு ஐந்து பாலம், மற்ற மூன்றுக்கும் மும்மூன்று. நான்குமே ஒற்றைப்படை! 1736-இல் ஆய்லர் என்ற கணித மேதை காட்டிய வழி அது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். உன் முகம் அன்று இருந்த மாதிரி எந்த மார்க் ஷீட்டைப் பார்த்தும் இருந்ததில்லை.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் "என் பொண்ணு பிறவிப் புத்திசாலி" என்றேன். வகுப்பு முடிந்து நீ வெளியே வந்ததும் "இன்னிக்கு எத்தனை சரி?" என்றுதான் கேட்டேன். நாலைந்து மாதம் கழித்து உன் கட்டிலுக்கு அடியில் கிழித்துச் சுருட்டிய தாள்கள் கிடைத்தன. எல்லாம் தப்பாகப் போட்ட கணக்குகள். அன்று நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை.

காரணம் பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். கணக்கைச் சரியாகப் போட்டதும் சில பிள்ளைகளிடம் "நீ புத்திசாலி" என்றும், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் சொல்லியிருக்கிறார்கள். பிறகு கஷ்டமான கணக்கில் தடுமாறியதும், புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், கண்ணம்மா. நான் கொடுத்த பட்டத்தைக் காப்பாற்றத்தானே அந்தத் தாள்களைக் கிழித்தாய்.

தம்பி விஷயம் இன்னும் உறுத்துகிறது. உன் வகுப்பில் சேர வைத்த அதே தேர்வை அவனும் எழுதினான், தேர்வாகவில்லை. "நான் மக்குதானே?" என்று ஒரே ஒரு முறை கேட்டான். மறந்துவிடுவான் என்று பேசாமல் இருந்துவிட்டேன். 1921-இல் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் கலிஃபோர்னியாவில் அதிபுத்திசாலிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தாரே, அந்தப் பட்டியலில் ஷாக்லி, அல்வாரெஸ் என்ற இரண்டு பேர் இடம்பெறவில்லை. பின்னால் இருவருமே இயற்பியலில் நோபல் பரிசு வாங்கினார்கள், ஒருவர் 1956-இல், மற்றவர் 1968-இல். ஒரு நாள் எழுதிய தேர்வு அந்த நாளைத்தான் சொல்லும் என்று அவனிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். உன் சின்னவன் அக்காவைப் பார்த்து அப்படிக் கேட்டால், வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பதில் சொல்.

வகுப்பில் அடுத்த வருடப் பாடத்தை முன்கூட்டியே நடத்துகிறார்கள் என்றால் யோசி. அதைப் படித்துவிட்டுப் போனால் பள்ளியில் இன்னும் கூடுதலாகக் காத்திருப்பாள். ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள் என்றால் நல்ல இடம். தன்னைப் போலவே "ஏன், ஏன்" என்று குடையும் இன்னொரு பிள்ளை அவளுக்குப் பக்கத்தில் கிடைப்பதும் பெரிய விஷயம். உனக்கு அப்படிக் கிடைத்த சிநேகிதியோடு இன்னும் பேசிக்கொண்டுதானே இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எதற்கும் கொடுத்துவிடாதே. அவள் சும்மா இருக்கட்டும். நடுவில் போதும் என்று சொன்னால் காரணம் கேள், கட்டாயப்படுத்தாதே.

வெளியே வந்ததும் "எது வரலை இன்னிக்கு?" என்று கேட்டுப் பார். நான் கேட்காத கேள்வி அது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பழைய தாள் வைத்திருக்கிறேன். நீ வரைந்த ஏழு பாலங்கள். விடை பின்பக்கத்தில், உன் அந்த வயதுக் கையெழுத்தில் இருக்கிறது. பேத்தி தானாகக் கேட்கும்வரை திருப்பிக் காட்டாதே.

அன்புடன்,
அம்மா