கோமுவுக்கு, திருப்பூரிலிருந்து

அன்புள்ள கோமு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு எட்டு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் நேரில் பார்க்கும்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. சின்னவள் பத்தாவது. நம் ஹாஸ்டல் மாடி ரூம் அக்கா போன மாதம் வந்திருந்தார், இன்னும் அந்த வார்டன் சாவிக்கொத்துக் கதைதான். அதில் உன் பங்கை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார், நான் விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வாரமாகச் சரியாகத் தூக்கமில்லை. உன்னிடம் சொன்னால்தான் தெளியும்.

எங்கள் கம்பெனியில் நிட்டிங்கிலிருந்து செக்கிங் வரை ஆளுக்கொரு எக்செல் ஃபைல் வைத்திருப்பார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வார்கள் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா? 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் கரெக்ட்' என்று ஒரே ஆர்டருக்கு மூன்று ஃபைல் சுற்றும். எதை நம்பிக் கட்டிங் போட்டார்கள் என்பது துணி வீணான பிறகுதான் தெரியும். மார்ச்சில் முதலாளி எல்லாவற்றையும், எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதக்கூடிய ஒரே கூகுள் ஷீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். கற்றுக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு.

ப்ரொஜெக்டர் வைத்து இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். ட்ராப்டவுன், செல்லைப் பூட்டுவது, கமெண்டில் @ போட்டு ஒருவரை அழைப்பது, எல்லாம் காட்டினேன். பதினான்கு பேரும் தலையாட்டினார்கள். மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் பழையபடி ஃபைலாக வந்து விழுந்தது. வீட்டுக்குப் போய் அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. திருந்திய நெல் சாகுபடியைத் தூக்கிக்கொண்டு நீ ஊர் ஊராக அலைந்த முதல் வருடம். பதினான்கு நாள் இளநாற்று, ஒரு குத்துக்கு ஒரே நாற்று, 22.5 செ.மீ. இடைவெளி. "வயல் வெறிச்சுனு கிடக்கே, பொண்ணு சொன்னதைக் கேட்டு இப்படிப் பண்ணிட்டேனே" என்று ஒரு பெரியவர் உன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாரே. கூட்டம் போட்டால் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள், ரோட்டோரமாக ஒரு வயல் நிமிர்ந்தால் தானாக வந்து கேட்பார்கள் என்றாய். அமெரிக்காவின் அயோவா மாநில மக்காச்சோளக் கதையையும் உன்னிடம்தான் கேட்டேன். ரயன், கிராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1943-இல் வெளியிட்ட ஆய்வு. இரண்டு ஊர்களில் 259 விவசாயிகள்; இருவரைத் தவிர எல்லோரும் கடைசியில் புதிதாக வந்த வீரிய ஒட்டு விதைக்கு மாறினார்கள், ஆனால் அதற்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. விதை விற்பவன் சொல்லித் தெரிந்துகொண்டார்கள், பக்கத்து வயல்காரன் சொல்லித்தான் நம்பினார்கள். முதலில் கொஞ்ச நிலத்தில் மட்டும் போட்டுப் பார்த்தார்கள்.

நானும் கொஞ்ச நிலத்தில் தொடங்கினேன். ஒரே ஒரு ஆர்டர், மூன்று பேர். வகுப்பே கிடையாது. இரண்டாம் நாள் கட்டிங் தம்பி தன் சைஸை மட்டும் பார்க்க ஃபில்டர் போட்டுவிட்டான். செக்கிங்கில் இருப்பவருக்குத் திரையில் பாதி வரி காணவில்லை. "யாரோ அழிச்சிட்டாங்க" என்று கத்தினார். அந்த நிமிடமே போய் ஃபில்டர் வியூ என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டால் உங்கள் கண்ணுக்கு மட்டும் வடிகட்டும், மற்றவர் பார்ப்பது மாறாது என்று காட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இதையேதான் வகுப்பிலும் காட்டினேன், ஒருவர் மனதிலும் நிற்கவில்லை. கை சுட்ட நேரத்தில் காட்டியபோது அடுத்த மேசைக்கு அவரே போய்ச் சொல்லிக்கொடுத்தார்! எனக்கு அன்று வந்த சந்தோஷம் உனக்குத்தான் புரியும்.

ஜூலைக்குள் பதினான்கில் பதிமூன்று பேர் வந்துவிட்டார்கள். பேக்கிங் அண்ணன் மட்டும் நோட்டை விடவில்லை. முப்பது வருட சர்வீஸ், பெட்டியைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்வார். டைப் அடிக்கத் தெரியாததால் தயங்குகிறார் என்று நினைத்து, போனில் தமிழில் பேசினாலே எழுத்தாக விழும் வசதியைப் போட்டுக் கொடுத்தேன். பேசிப் பார்த்தார், சிரித்தார், நோட்டுக்கே திரும்பிப் போனார்.

அப்புறம் போன வியாழன். புதிதாகச் சேர்ந்த பெண் ஷீட்டில் எண்ணிக்கை இருக்கும் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டாள். சைஸெல்லாம் அங்கேயே நிற்க, எண்ணிக்கை மட்டும் இடம் மாறிவிட்டது. கன்டெய்னர் சாயங்காலம் கிளம்ப வேண்டும். அந்தப் பிள்ளை நடுங்கிப்போய் அழ ஆரம்பித்துவிட்டது. ஷீட் எந்த நேரத்தில் எப்படி இருந்தது என்று காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து, 10:40-க்கு இருந்ததை மீட்டேன். அதற்குப் பின் மற்றவர்கள் எழுதிய ஆறு வரியும் அதோடு போய்விட்டது. பழைய பதிவில் பார்த்துப் பார்த்து அவற்றையும் திரும்ப ஏற்றினோம். பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி.

பேக்கிங் அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எல்லோரும் போன பிறகு வந்தார். "அம்மணி, யார் எத்தனை மணிக்கு என்ன எழுதினாங்கன்னு இதுல பேரோட நிக்குதே, நான் எழுதினாலும் நிக்குமா?" என்றார். நிற்கும் அண்ணா என்றேன். "நோட்டுல தப்புன்னா அடிச்சிட்டு மேல எழுதிக்குவேன். யாரும் கேட்டதில்ல. இதுல தப்பு பண்ணினா முப்பது வருஷப் பேரு போயிடுமே" என்றார்.

கோமு, ஆறு மாதமாக அந்த மனிதருக்கு எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் பயந்ததே வேறு. தவறை மீட்கத்தான் அந்தப் பதிவு, அதை வைத்து உங்களை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை முதன்முறையாக அன்றைய பெட்டிக் கணக்கை ஷீட்டில் அவரே போட்டார்.

சனிக்கிழமை முதலாளி கூப்பிட்டார். அந்த ஹிஸ்டரியில் நேரமெல்லாம் வருகிறதாமே, யார் எப்போது வேலை பார்க்கிறார்கள், யார் அதிகம் தப்புப் போடுகிறார்கள் என்று மாதாமாதம் எனக்கு ஒரு லிஸ்ட் கொடு என்றார். கெட்டவர் இல்லை, செலவு கையை மீறிப் போகிறது அவருக்கு. ஆனால் அந்த லிஸ்ட் போன மறுநாள் பதினான்கு பேரும் பழைய வழிக்கே திரும்பிவிடுவார்கள். தவறு நடந்தால் மறைப்பார்கள், வியாழக்கிழமை அந்தப் பிள்ளை மறைக்காமல் அழுததால்தான் கன்டெய்னர் தப்பியது. இதை அவரிடம் சொல்லத்தான் போகிறேன். சொல்லியும் அவர் கேட்கவில்லை என்றால் அந்த லிஸ்டை நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன். அதன் பிறகு என்ன ஆகும் என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

வயலுக்குப் போனதும் இடத்தோடும் நேரத்தோடும் போட்டோ அனுப்ப வேண்டும் என்று உங்களுக்கு உத்தரவு வந்ததே, அப்போது மேலதிகாரிகளிடம் என்ன பேசினாய்? எந்த வார்த்தை அவர்கள் காதில் ஏறியது? சும்மா ஆறுதல் சொல்லாதே, அப்படியே நடந்ததைச் சொல். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவரைப் பார்க்கிறேன். ஞாயிறு ராத்திரி ஒன்பதுக்குப் போன் பண்ணுகிறேன், சீரியல் ஓடினாலும் எடுடி.

உன்,
வசந்தி