முதல் ஒப்படையைத் திருப்பிக் கொடுங்கள்

வன்னியில் முதலாம் வருடப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிற பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கு,

வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிற ஆசிரியை. பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்திலும் இருக்கிற உங்களிடம் ஒரேயொரு விடயத்தைக் கேட்கத்தான் இந்த மடல். பிள்ளைகள் எழுதுகிற முதல் ஒப்படையை, என்ன குறை என்று குறித்துத் திருப்பிக் கொடுங்கள். பிறகு அதையே இன்னொரு தடவை எழுத விடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி போன வருடம் விடுமுறையில் என் வீட்டுக்கு வந்தாள். வன்னிக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம். பையிலிருந்து நான்கு பக்க ஒப்படையொன்றை எடுத்து மேசையில் வைத்தாள். முதல் பக்க மூலையில் சிவப்பு மையில் 42. கடைசிப் பக்கத்தில் "வாதம் இல்லை" என்று இரண்டே சொல். "நான் என்ன பிழை விட்டனான் ரீச்சர்? எல்லாப் பொயின்ற்றும் எழுதினனான்" என்றாள்.

கேள்வி இதுதான்: உலர்வலயத்தில் சிறு குளங்களைப் புனரமைப்பது விவசாயிகளின் வருமானத்தை உயர்த்துமா? மதிப்பிடுக. அவள் குளம் என்றால் என்ன என்பதில் தொடங்கியிருந்தாள். பிறகு அரசர் காலம், நன்மைகள் ஏழு, தீமைகள் நான்கு. முடிவுரையில், குளங்கள் நாட்டின் முதுகெலும்பு. வருமானம் உயருமா இல்லையா என்பதற்கு மட்டும் நான்கு பக்கத்திலும் பதில் இல்லை.

அவளுடைய அப்பா ஒரு சிறு குளத்தின் கீழ் வயல் செய்கிறவர். "உங்கடை குளத்தையும் திருத்தினவைதானே, அப்பான்ரை வயலுக்குத் தண்ணி வந்ததோ?" என்று கேட்டேன். அதன் பிறகு கால்மணி நேரம் அவள்தான் கதைத்தாள். குளக்கட்டை உயர்த்தினார்களாம், வாய்க்காலைத் துப்புரவாக்கவில்லையாம். மேல் வயல்காரருக்குச் சிறுபோகமும் கிடைத்தது, கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை. நன்றாக விளைந்த வருடத்திலும் நெல்விலை இறங்கி, உரக்கடைக் கடன்கூட அடைபடவில்லை. "இதுதானே பிள்ளை கட்டுரை" என்றேன். திகைத்துப்போய், "இதை எழுதலாமோ ரீச்சர்? நோட்ஸிலை இல்லையே" என்றாள்.

அந்தக் கேள்வி இன்னமும் என்னை உறுத்துகிறது. அப்படிப் பழக்கியது நாங்கள்தான். உயர்தரத்தில் புள்ளித்திட்டத்தில் இருக்கிற விடயத்துக்குத்தான் புள்ளி. ஆகவே பள்ளிக்கூடத்திலும் ரியூசனிலும் "பொயின்ற் பொயின்றாய் எழுது, கூட எழுது" என்றே சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பழக்கத்தோடு உங்கள் வாசலுக்கு வருகிற பிள்ளைக்கு விபரிப்பதும் மதிப்பிடுவதும் ஒன்றுதான். மதிப்பிடுக என்றால் ஒரு முடிவுக்கு வா, எதை வைத்து வந்தாய் என்று காட்டு, அதை ஏற்காதவர் என்ன சொல்வார் என்று யோசி, அவருக்கும் பதில் சொல். இதை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒருதரம் எழுதி, பிழைவிட்டு, திருத்தினால்தான் கைக்கு வரும்.

ஆங்கிலம்தான் தடை என்று நீங்கள் சொல்லக்கூடும். தமிழில் படித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதுவது பெரிய சுமைதான். ஆனால் இந்தப் பிள்ளை எழுதியது தமிழில். சிக்கல் மொழிக்கு முன்னமே தொடங்கிவிடுகிறது. என்ன சொல்லப் போகிறேன் என்பதையாவது முதலில் தமிழில் நான்கு வரி எழுதிப் பார்க்க விடுங்கள்.

படிக்கிற முறையும் இதோடு ஒட்டினதுதான். நோட்ஸைப் பத்துத்தரம் வாசித்து, மஞ்சள் பேனையால் கோடு போட்டால் படித்தாயிற்று என்று நினைக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். விரிவுரையின் கடைசி ஐந்து நிமிடத்தில் கொப்பியை மூடச் சொல்லி, கேட்டதை எழுதச் சொன்னாலே பெரிய உதவி.

முதல் ஒப்படையின் தலைப்பை இங்கிருந்தே எடுங்கள். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டத்தை அங்குள்ள விவசாயிகள் எதிர்த்தார்கள். பிறகு யாழ்ப்பாணத்துக் குடிநீருக்காகத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி, 2024இல் திறந்தார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிற விடயம். வீட்டில் அப்பா ஒன்று சொல்வார், விடுதியில் யாழ்ப்பாணத்துத் தோழி வேறொன்று சொல்வாள். இரண்டையும் கேட்டு, அறிக்கைகளையும் வாசித்து, எதை எங்கிருந்து எடுத்தேன் என்று குறித்து எழுதப் பழகட்டும். சாட்ஜிபிடியில் எழுதுகிறார்கள் என்று நீங்கள் கவலைப்படுவது எனக்கும் விளங்குகிறது. ஆனால் கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்பது அதற்குத் தெரியாது.

உங்கள் வேலைப்பளுவும் தெரியும். 500 சொல் போதும், புள்ளியே வேண்டாம். ஒவ்வொரு தாளிலும் இரண்டு கேள்வி எழுதினால் காணும்: உன் பதில் எந்த வரியில் இருக்கிறது? அதற்குச் சான்று எங்கே? அதுவும் முடியாவிட்டால், ஒரு பிள்ளையின் சம்மதத்தோடு பெயரை மறைத்து அவருடைய ஒப்படையை வகுப்பில் வாசித்து, எல்லோருக்கும் முன்னால் வரிவரியாகத் திருத்திக் காட்டுங்கள்.

அண்மை வருடங்களில் உங்களிடம் வந்தவர்களில் சிலர், போரில் இடம்பெயர்ந்து 2009இல் செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்து 'அ' எழுதத் தொடங்கியவர்கள். பல வீடுகளில் இந்தப் பிள்ளைக்கு முன்னர் பல்கலைக்கழகம் போனவர் ஒருவரும் இல்லை. "வாதம் இல்லை" என்றால் என்னவென்று கேட்க ஆளில்லை. என் மாணவிக்கு பஸ் ஏறி என்னிடமாவது வர முடிந்தது.

அவள் அந்தக் கட்டுரையை என் வீட்டு மேசையிலேயே திரும்ப எழுதினாள். புள்ளி மாறாது என்று தெரிந்துதான் எழுதினாள். "குளக்கட்டை உயர்த்தினால் மட்டும் வருமானம் கூடாது, தண்ணீர் கடைசி வயல் வரை போகவேண்டும், நெல்லுக்கு விலையும் இருக்கவேண்டும்" என்று தொடங்கியிருந்தாள்.

திருத்துவதற்கு ஆள் போதாவிட்டால் கூப்பிடுங்கள். சனிக்கிழமைகளில் வருவதற்கு உயர்தர ஆசிரியர்கள் நாங்கள் சிலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
முல்லைத்தீவு மாவட்டத்து ஆசிரியை ஒருத்தி