நீ விட்டுப்போன கமரா

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள ரவி,

சித்திரையில் நீ விமானம் ஏறியதிலிருந்து ஒரு வரிகூட எழுதவில்லை. ஏசு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். குணத்தின் மகளுக்குக் கல்யாணம் முற்றாகிவிட்டது, மாப்பிள்ளை மூதூர்ப் பக்கம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ விட்டுப்போன கமரா இப்போது என் கழுத்தில்தான் தொங்குகிறது. சிரிக்காதே. பரா அண்ணன் கல்யாணப் படங்களை நீ சாகும்வரை மறக்க மாட்டாய் என்று தெரியும். இப்போதெல்லாம் தலைகள் படத்துக்குள்தான் வருகின்றன. மனிதத் தலைகளை எடுப்பதில்லை என்பது வேறு கதை.

முதல் மாதம் அழாக்குறை. விடிய ஐந்தரைக்குச் சைக்கிளில் நிலாவெளிக் களப்புப் பக்கம் போவேன். கண்டல் ஓரத்தில் கொக்கு நிற்கும். எடுத்தால், கடதாசியில் வெட்டி ஒட்டியதுபோல் வெறும் வெள்ளை. ஓர் இறகும் தெரியாது. கமரா பழுது, அதனால்தான் தந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று உன்னைத் திட்டினேன். பிறகுதான் விளங்கியது. கொக்கு எது, கண்டல் எது என்று கமராவுக்குத் தெரியாது. முன்னால் உள்ளதையெல்லாம் சேர்த்து நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கண்டல் இருட்டாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நடுவில் நிற்கும் கொக்கு வெந்துபோகும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தேன். மச்சான், இறகு இறகாக வந்தது! அன்று பிந்திப் போய் வாங்கிய ஏச்சும், ஆறிப்போன புட்டும்கூட இனித்தன.

மீன்கொத்திதான் இன்னும் கடன்காரன் மாதிரி. ஃபோகஸ் போடும்வரை இருக்கும், அழுத்தும்போது இருக்காது. வெறும் கரண்ட் கம்பிப் படம் மட்டும் 40 வைத்திருக்கிறேன். லென்சை 250 மில்லிமீற்றருக்கு நீட்டினால் கை நடுக்கமும் கூடவே நீளுகிறது. உன் கமராவில் படம் பதியும் சென்சர் சின்னது, அதனால் நடுக்கம் இன்னும் பெரிதாகத் தெரியும். ஷட்டர் வேகம் குறைந்தது 1/400 செக்கன் வேண்டும். அந்த நேரத்து வெளிச்சத்தில் அதற்கு ஐஎஸ்ஓவை, அதாவது கமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவை, 1600 வரை ஏற்ற வேண்டியிருக்கிறது. மணல் தூவினதுபோல் வந்தால் வரட்டும், ஆடிப்போன படத்தை என்ன செய்வது?

உண்மையில் நான் எழுத வந்தது மானைப் பற்றி.

போன வெள்ளி கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் ஒரு புள்ளிமான் தனியாக நின்றது. ஒரு காதில் கிழிசல். அதன் கண் மட்டத்துக்கு வரவேண்டுமென்று நிலத்தில் படுத்துவிட்டேன். கச்சான் விற்கும் ஆச்சி, "தம்பிக்கு ஏலாதோ?" என்று ஓடிவந்தார். கண்ணில் ஃபோகஸ், சரிந்த காலை வெயில், பின்னால் எல்லாம் மங்கல். என் வாழ்க்கையில் எடுத்த முதல் நல்ல படம்.

வீட்டில் கணினியில் பார்க்கிறேன், வாயோரம் வெள்ளையாக ஏதோ. பூ என்று நினைத்துப் பெரிதாக்கினேன். சொப்பிங் பை. அதிலுள்ள எழுத்தையும் வாசிக்கலாம், அவ்வளவு கூர்மை! கண்ணையே பார்த்துக் கிடந்ததில் வாயைப் பார்க்கவில்லை, ரவி. எழும்பி ஒரு சத்தம் போட்டிருந்தால் அது துப்பியிருக்குமோ என்னவோ. அசைபோடும் மிருகத்துக்குப் பொலித்தீன் இரைப்பையிலேயே தங்கிவிடும். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், தீன் எடுக்காது, அப்படியே மெலிந்து போகும். அன்று அர்ச்சனைக்கு நான் வாழைப்பழம் கொண்டுபோனதும் அப்படியொரு பையில்தான்.

நாலு காலை போய்த் தேடிவிட்டேன். கிழிந்த காதுக்காரனைக் காணவில்லை.

வாயை வெட்டிவிட்டுக் கண்ணை மட்டும் பிரேம் போடச் சொல்கிறாள் இவள். வெட்டுவதில் எனக்குள்ள அனுபவம் உனக்குத் தெரியும், ஆனால் இதில் கை வரவில்லை. வெட்டாத படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது.

உன்,
சிவா

பி.கு: ஐப்பசி மழை வரப்போகிறது. லென்சில் பூஞ்சணம் பிடிக்காமல் அரிசி வாளிக்குள் வைக்கச் சொல்கிறான் குணம். அவன் பேச்சைக் கேட்கலாமா?