உன் நிரலில் அந்த ஒரு வரி

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். நான்கு மாதங்களாக எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். ஈடு வாங்கிக்கொண்டு கிரிப்டோவில் கடன் கொடுக்க, பிளாக்செயினில் தானாக இயங்கும்படி நீ எழுதி அனுப்பிய ஒப்பந்த நிரலை நேற்றிரவு படித்தேன். ஈட்டுக்கு விலை கேட்கும் அந்த ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை.

"ஈடில்லாமல் எவன் கோடிகளைத் தூக்கிக் கொடுப்பான்?" என்று நீயும் வாத்தியாரும் விடிய விடிய என்னோடு மல்லுக்கு நின்றீர்களே, ஈடே இல்லாமல் கணநேரத்துக்குக் கிடைக்கும் அந்த ஃபிளாஷ் லோன்தான் உன் வீட்டு வாசலில் நிற்கிறது. எத்தீரியம் என்னும் பிளாக்செயினில் ஒரு பரிவர்த்தனை முழுதாக நிறைவேறும்; இல்லையேல் நடக்காததாகவே ஆகிவிடும். ஆவே என்னும் கடன் தளத்தில் பலர் போட்டுவைத்த நிதிக்குளத்திலிருந்து வாங்கிய பணம், அதே பரிவர்த்தனை முடிவதற்குள் கட்டணத்தோடு திரும்ப வேண்டும். சிறிது குறைந்தாலும் எல்லாம் பழைய நிலைக்கே போய்விடும், வாங்கியவனுக்குப் பரிவர்த்தனையை இயக்கச் செலுத்தும் கேஸ் கட்டணம் மட்டும் நட்டம். ஆகவே கொடுப்பவருக்கு வாங்குபவரின் நம்பகத்தன்மையை விசாரிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. ஆவேயின் மூன்றாம் பதிப்பில் 0.05 சதவீதக் கட்டணம், அதாவது 10 லட்சம் டாலருக்கு 500 டாலர். கைமுதல் இல்லாதவரும் இரு சந்தைகளின் விலை வேறுபாட்டில் ஆதாயம் பார்க்க முடிகிறது என்பதால் எனக்கு இதன்மேல் உண்மையான பிரியம் உண்டு.

இப்போது உன் வரிக்கு வருகிறேன். இரு டோக்கன்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும் ஒரே பரிமாற்றக் குளத்தின் இரு இருப்புகளை வகுத்து நீ விலை எடுக்கிறாய். அதில் எத்தீரியத்தின் நாணயமான ஈத்தர் 100-உம், ஒன்று ஒரு டாலர் பெறும் டோக்கன் 2 லட்சமும் இருந்தால் ஓர் ஈத்தரின் விலை 2,000 டாலர். ஒருவன் 2 லட்சம் கடன் வாங்கி உள்ளே கொட்டினால், இரு இருப்புகளின் பெருக்குத்தொகை மாறக்கூடாது என்பது குளத்தின் விதி என்பதால் 50 ஈத்தர் அவன் கைக்கு வரும். குளத்தின் விலை 8,000 ஆகிவிடும். அந்த 50 ஈத்தரை உன்னிடம் ஈடு வைத்தால் நீ அதை 4 லட்சமாக மதித்து, 75 சதவீதமாக 3 லட்சம் கொடுத்துவிடுவாய். அவன் 2 லட்சத்தைக் கட்டணத்தோடு திருப்பிவிட்டு ஏறக்குறைய ஒரு லட்சத்தோடு போய்விடுவான். உன்னிடம் மிஞ்சுவதோ ஒரு லட்சம் பெறுமான ஈடு. இத்தனையும் ஒரே பரிவர்த்தனைக்குள் முடிந்துவிடும் என்பதால் நீ தடுக்க இடமே இராது.

2020 அக்டோபரில் ஹார்வெஸ்ட் ஃபைனான்ஸ் என்ற கிரிப்டோ முதலீட்டுத் தளம் அடிபட்டதும் இப்படி ஒரு குளத்தின் விலையை அசைத்துத்தான். டோக்கன் வைத்திருப்பவர்கள் தீர்மானங்களுக்குப் போடும் வாக்குகளுக்கும் இதே கதிதான்: 2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்ற கிரிப்டோ திட்டத்தில், கடன் வாங்கிய டோக்கன்களால் பெரும்பான்மை பெற்று ஒருவன் தன் தீர்மானத்தைத் தானே நிறைவேற்றிக்கொண்டான், இழப்பு ஏறத்தாழ 18 கோடி டாலர்.

விலையைச் செயின்லிங்க் போன்ற வெளி ஆரக்கிளிடம், அதாவது வெளியிலிருந்து விலைத் தகவல் தரும் சேவையிடம் கேள், அல்லது ஒரு கணத்தின் விலையை விட்டு, ஒரு கால அளவுக்கான நேர எடையிட்ட சராசரியை எடு. வாக்குரிமை வைத்தால், அதை முந்தைய பிளாக்கின் (முன்பே பதிவாகி முடிந்த பரிவர்த்தனைத் தொகுப்பின்) இருப்பைக் கொண்டு எண்ணு. பிறர் சேமிப்பு அதற்குள் வரப்போகிறது, நண்பா, திருத்தாமல் ஏற்றிவிடாதே. திருத்தியவுடன் எனக்கு அனுப்பு, வரிவரியாக மறுபடி படிக்கிறேன். வாத்தியாருக்கு என் வணக்கம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்