'தன்' எங்கே, 'தம்' எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் சந்திப்பிழைக்கு அடுத்தபடியாக மலிந்து கிடப்பது ஒருமைக்குரிய 'தன்', பன்மைக்குரிய 'தம்' ஆகியவற்றின் மயக்கம். 'மாணவர்கள் தன் கடமையை உணர்ந்தனர்', 'மாடுகள் அதன் கன்றுகளுடன் வந்தது' என்றே எழுதுகிறார்கள். இதற்குக் காரணம் பேச்சு வழக்கு. 'அவங்க தன்னோட வீட்டுக்குப் போனாங்க', 'மாடுங்க வருது' என்று பேசிப் பழகிய நாக்கு எழுத்திலும் அப்படியே வருகிறது.

இலக்கண நூலான நன்னூல் கூறும் எழுவகை வழுக்களை (பிழைகளை) ஒப்பிக்கச் சொல்வதால் இது தீராது. கரும்பலகையில் ஒரு வாக்கியத்தை எழுதி, பெயர்ச்சொல்லிலிருந்து அதைக் குறிக்கும் 'தன்', 'தம்' போன்ற சொல்லுக்கும், பிறகு வினைமுற்றுக்கும் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். மூன்றும் எண்ணில் ஒத்தால்தான் வாக்கியம் சரி: 'மாடுகள் தம் கன்றுகளுடன் வந்தன.' 'அவைகள்' என்ற சொல்லும் இங்கேயே பிடிபடும். 'அவை' ஏற்கெனவே பன்மைதானே!

அடுத்து 'தன்' யாரைச் சுட்டுகிறது என்பது. 'முருகன் கண்ணனிடம் தன் பேனாவைக் கொடுத்தான்' என்றால் பேனா எழுவாயாகிய முருகனுடையது. 'தன்' இருக்குமிடத்தில் 'அவன்' என்று போட்டுப் பாருங்கள், பேனா கண்ணனுடையதாகவோ மூன்றாமவனுடையதாகவோ ஆகிவிடும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால் போதும், விளக்கவுரை தேவைப்படாது.

'ஆர்' விகுதி மரியாதை ஒருமையில்தான் சிக்கல் அதிகம். 'அமைச்சர் தமது உரையில் கூறினார்' என்பதே இலக்கண வழக்கு. நாளிதழ்களிலோ 'தனது' நிலைத்துவிட்டது. தங்கள் நாளிதழும் விலக்கல்ல. தேர்வுத்தாளில் இதற்கு மதிப்பெண் குறைப்பதா என்பதை விடைத்திருத்தும் குறிப்பிலேயே தெளிவாக்க வேண்டும்.

— தமிழாசிரியர்கள் சிலர், மதுரை