நுரையீரல் ரத்த ஓட்டம்: மூச்சுப் பயிற்சி உள்ளூரிலேயே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிறவி இருதயக் கோளாறுகளுக்கான எம்.ஆர்.ஐ. பரிசோதனை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தி, கருவியை விரிவாக விளக்கியது. நோயாளியின் ஆயத்தத்தைத் தொடவில்லை. இப்பரிசோதனையில், இருதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நுரையீரல் தமனிக்கு நேர்க்குறுக்காகப் படமெடுக்கும் தளத்தை அமைத்து, ரத்தம் பாயும் வேகத்தை அளக்கிறார்கள். கருவி அளக்கும் உச்ச வேக வரம்பை வினாடிக்கு 150 செ.மீ. என வைத்திருக்க, வால்வு சுருங்கியவருக்கு ரத்தம் அதைத் தாண்டிப் பாய்ந்தால், எதிர்த்திசையில் ஓடுவதுபோல் பதிவாகும். வரம்பை உயர்த்தி மீண்டும் எடுத்தால் அது சரியாகிவிடும். படம் எடுக்கும்போது அடக்கிப் பிடிக்க வேண்டிய மூச்சுதான் பெரிய சிக்கல். நெஞ்சு நிறைய இழுத்து முக்கிப் பிடித்தால் மார்புக்குள் அழுத்தம் கூடி, இருதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். நுரையீரல் ஓட்டமும் குறைந்தே தெரியும். நுரையீரலுக்கும் உடலுக்கும் செல்லும் ரத்தத்தின் விகிதம் இயல்பில் ஏறக்குறைய 1. இருதயச் சுவரில் துளை உள்ளவருக்கு அது 1.5-ஐ எட்டினால் துளையை அடைப்பது பற்றி யோசிப்பார்கள். அவ்வளவு முக்கியமான கணக்கு, மூச்சு மாறியதால் பிசகலாமா?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களிலிருந்து விடியுமுன் புறப்பட்டுக் கோலாலம்பூர் செல்லும் பிள்ளைகள் களைத்துப்போய், கட்டளை புரியாமல் பாதியிலேயே மூச்சை இழுத்துவிடுகிறார்கள். மெதுவாக மூச்சை வெளியே விட்டு, முக்காமல் 10 முதல் 15 வினாடி அசையாதிருக்கும் பயிற்சியை, பரிசோதனைக்கு முந்தைய வாரமே உள்ளூர் அரசு கிளினிக்கில் தாதியர் தமிழில் சொல்லித்தர சுகாதார அமைச்சு ஏற்பாடு செய்ய வேண்டும். அடக்க இயலாத சிறு பிள்ளைகளை, இயல்பாக மூச்சுவிடும்போதே பலமுறை அளந்து சராசரி எடுக்கும் முறைக்கு முன்கூட்டியே பதிவு செய்யலாம்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்